ஒரு புள்ளியில் இரண்டு மையங்கள்

ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவன் அதைச் சொன்னான். வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்வியிருந்ததால் முதல் தடவை அவளுக்குப் புரியவில்லை. கிளிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, துணியைப் பார்த்தபடியே மறுபடி சொன்னான்.

"ஒட்டும்போது இடுக்கியிலேருந்து துள்ளிருச்சு. தட்டுலதான் விழுந்துச்சு. உடனே எடுத்துட்டேன்."

"எது?"

"வைரம்தான்."

அவள் தலையணை உறையின் இரு முனைகளையும் இழுத்துச் சுருக்கம் எடுத்தாள். "தட்டுல வேற சில்லு ஏதாவது இருந்துச்சா?"

"பழசு ஒண்ணு ரெண்டு கெடந்துச்சு. ஆனா நான் எடுத்தது நம்மளோடதுதான்." கிளிப்பைக் கொடியில் மாட்டினான். "அப்படித்தான் நெனைக்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சேர்க்காமல் இருந்திருக்கலாம். கணவனாக மட்டும் பேசியிருந்தால் சேர்த்திருக்கமாட்டான். எந்த அளவையும் அதன் பிழையோடு சேர்த்துத்தான் சொல்லவேண்டும் என்று பழகிய நாக்கு அது. வீட்டுப் பால்கனியிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

அவர்கள் பேசிய வைரம் நகம் வெட்டினால் விழும் துண்டளவே இருக்கும். நகைக்கடையில் வைத்தால் கண்ணாடித் தூள் என்று துடைத்துவிடுவார்கள். கரி அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்ட அதற்குள், அங்கங்கே ஒரு கரி அணுவின் இடத்தில் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். அந்த நைட்ரஜனும் அந்தக் காலியிடமும் சேர்ந்ததைத்தான் நிறமையம் என்கிறார்கள். பச்சை லேசரைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். அதற்குள் ஒரு ஸ்பின் இருக்கிறது. மிக நுண்ணிய காந்த ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக நிற்கும் மையங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றின் ஊசி திரும்பினால் மற்றதற்கு உறைக்கும் அளவுக்கு நெருக்கமாக இரண்டு மையங்கள் அமைவதுதான் அரிது. குவாண்டம் கணினிக்கு அத்தகைய ஜோடியே முதற்படி என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவார்கள். அவளும் எழுதியிருந்தாள். மற்றவர்கள் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவள் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தும் விட்டாள். வைரத்தின் ஒரு மூலையில் கீறிய குறியிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

நுண்ணோக்கியில் அந்த ஜோடி ஒரே ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ஒன்றையொன்று உணர்கின்றனவா என்று அறியும் வழி இதுதான்: மைக்ரோவேவ் துடிப்பால் ஒன்றைத் திருப்பிவிட்டு, மற்றதைப் படிப்பது. திருப்பப்பட்டதிடம் எதுவும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பது எவ்வளவு கலங்கியது என்று பார்த்தால் போதும்.

இருவரும் வேலை செய்த ஆய்வகத்தின் பேராசிரியர் இந்த முறையில் தேர்ந்தவர். அவனைப் பற்றி ஏதேனும் தெரியவேண்டுமென்றால் அவளைக் கூப்பிடுவார். அவளை வேகமாக வேலை செய்ய வைக்கவேண்டுமென்றால் அவனைக் கூப்பிட்டுக் கடிந்துகொள்வார். இருவரின் ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் முடியவிருந்தது. நிரந்தரப் பணியிடம் ஒன்றே ஒன்று வரவிருந்தது. அது யாருக்கு என்பதைப் பேராசிரியர் இருவரையும் ஒன்றாக வைத்துச் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் என்று இருவரிடமும் தனித்தனியே சொல்லியிருந்தார் என்பதை அவர்கள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கண்டுபிடித்தார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு அவரவர் தட்டை அவரவர் கழுவி வைத்தார்கள்.

அவள் சேர்ந்து ஓராண்டு கழித்துத்தான் அவன் அந்த ஆய்வகத்துக்கு வந்தான். அதனால் அவனுக்கு 'லேபோட மாப்பிள்ளை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெயரை வைத்தவர், வைரங்களை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் அறைக்குப் பொறுப்பான ஊழியர். எல்லாருக்கும் அவர் ஆசிட் அண்ணன். "என்ன மாப்ளே, மாமியார் வீட்டுல கவனிப்பெல்லாம் எப்படி?" என்று காலையில் கேட்பார். மாமியார் என்பது பேராசிரியர். அவனும் சளைக்காமல், "சாப்பாட்டுக்குக் குறையில்லண்ணே, பேச்சுதான் தாங்கமுடியல" என்பான்.

வைரத்தின்மேல் அழுக்குப் படிந்து தேவையற்ற ஒளி கூடியபோது, அதைக் கழற்றி அமிலத்தில் சுத்தம் செய்ய முடிவாயிற்று. அந்த வேலையில் அவன் கைதான் நிதானம் என்று அவளே அவனிடம் கொடுத்தாள். கொதிக்கவைத்து, கழுவி, உலர்த்திச் சிறு பெட்டியில் வைத்த நேரத்தில் பேராசிரியர் அமில அறைக்கு வந்தார். "சாப்ட்டு வாங்க தம்பி. அது என் மேசையில இருக்கட்டும், பத்திரமா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். மதியம் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அவன் அதே அறையில் அமர்ந்து, மைக்ரோவேவ் துடிப்பை அனுப்பும் ஆன்டெனாக் கம்பியின் அருகே வைரத்தை ஒட்டினான். அப்போதுதான் அது துள்ளியது.

அந்த வார விடுமுறை முடிந்து அவள் லேசரை அந்த இடத்தில் நிறுத்தினாள். அங்கே ஒளிப்புள்ளி இல்லை. மூலைக் கீறல் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிற மங்கல் ஒன்று இருந்தது. கீறலில் இருந்த கருமையை அமிலம் கழுவியிருக்கலாம், அல்லது அது கீறலே இல்லாமலும் இருக்கலாம். கூட்டிக் கழித்துப் பார்த்தாள். தலைகீழாக ஒட்டியிருந்தாலோ பக்கம் மாற்றி ஒட்டியிருந்தாலோ எங்கே தேடவேண்டும் என்று கணக்கிட்டு அங்கெல்லாம் தேடினாள். நிறமையங்கள் இருந்தன. தனித்தனியாக, எதையும் உணராமல் இருந்தன.

பேராசிரியர் அவளைத்தான் கூப்பிட்டார். "என்ன நடந்திருக்கும்னு நெனைக்கிறீங்க?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மையும். "ஒட்டும்போது ஒரு தடவ துள்ளியிருக்கு, சார்" என்றாள். எழுவாய் இல்லாத வாக்கியம். யார் கையிலிருந்து என்று அவரும் கேட்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தும் பழக்கமும் அவருக்கு இல்லை. "நம்ம மாப்பிள்ள கையில இனிமே எதையும் தட்டோட சேத்துத்தான் குடுக்கணும் போலிருக்கு" என்றார். "நாளைக்கு ஒரு பிள்ளையக் குடுத்தாலும்." மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அவன் எழுந்து, நடந்ததை ஒளிவுமறைவின்றிச் சொன்னான்: துள்ளியது, தட்டில் பழைய சில்லுகள் கிடந்தன, தான் எடுத்தது சரியானதுதான் என்று அப்போது நம்பியது, இப்போது அந்த நம்பிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பேசும்போது அவளைப் பார்த்தான். சற்று முன் சிரித்தவர்களில் அவளும் இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் முழுதாக அடங்கியிருக்கவில்லை.

"நீதான் சொன்னியா?" என்று அன்று மாலை நடைபாதையில் கேட்டான்.

"கேட்டாரு. சொன்னேன்."

"நானே சொல்லியிருப்பேன்ல."

"சொல்லத்தான் சொன்னியே."

அவன் முன்னால் நடந்தான்.

வீட்டில் அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அவன் கண்ணாடி டம்ளரை எடுத்தால், "குடு, நான் கழுவிக்கறேன்" என்று மென்மையாக வாங்கிக்கொள்வாள். அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டுவாள். கதவைப் பூட்டி அவன் இறங்கிய பின்பு மறுபடி படியேறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். எதிலும் குற்றம் சொல்லும் வார்த்தை இல்லை. சில வாரங்களில் அவன் கை உண்மையாகவே நடுங்கத் தொடங்கியது. முதலில் ஒரு தட்டு உடைந்தது. பிறகு அவள் அம்மா கொடுத்த சாடி. உடைந்த ஒவ்வொரு பொருளும் அவள் பக்கத்துக்கு ஒரு சாட்சி. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் ஒன்றும் சொல்லாமல் குனியும்போது, "ஏதாவது சொல்லேன்டி, கேட்டுட்டுப் போறேன்" என்பான். "என்ன சொல்றது?" என்பாள்.

தேடல் தொடர்ந்தது. அவன் ஒட்டிய வைரத்தில் காந்தம் வழக்கமான இடத்தில் ஒத்துவரவில்லை. நிறமையங்கள் வைரத்துக்குள் நான்கே திசைகளில்தான் நிற்கும். அவற்றுள் ஒரு திசைக்கு நேராகக் காந்தத்தை நிறுத்தினால்தான் அளவை துலங்கும். இந்தத் தடவை காந்தத்தை ஒரு பக்கமாக நிறையவே நகர்த்தவேண்டியிருந்தது. ஆசிட் அண்ணன் எட்டிப்பார்த்தார். "மாப்ள கோணலா ஒட்டிட்டாரா? அவசரத்துல தாலி கட்டின கை போலிருக்கு" என்றார். "ஆமாண்ணே" என்றாள் அவள். அதற்குமேல் யோசிக்கவில்லை. அவன்தான் ஒட்டினான், ஆகவே கோணல்.

அவனுடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த நாளில், "மாமியார் வீட்டுச் சாவிய வாங்கிட்டாங்க" என்று வாசலில் நின்று சொன்னான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருக்கவேண்டும். செருப்பைக் கழற்றினான். "கெடச்சுதா?" என்று கேட்டான். அன்றிலிருந்து தினமும் அவள் வீடு திரும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இன்னும் இல்ல" என்பது அவளுடைய பதில்.

ஒரு நாள் ஆன்டெனாக் கம்பியில் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, உருப்பெருக்கத்தைக் குறைத்து நுண்ணோக்கியில் குனிந்தாள். கம்பியும் வைரத்தின் விளிம்பும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அளவாக இருந்தது. கோணல் இல்லை. அடிக்கோல் வைத்தாலும் அவ்வளவு நேராக ஒட்டமுடியாது. நடுங்காத கை ஒட்டிய வைரம்.

அவள் நிமிர்ந்து, காந்தம் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். பின் மறுபடி குனிந்து விளிம்பைப் பார்த்தாள். விளிம்பு நேராக இருந்தும் உள்ளிருக்கும் திசைகள் திரும்பியிருக்கின்றன என்றால், ஒட்டியதில் பிழையில்லை; வைரமே வேறு. பாளத்திலிருந்து வேறு கோணத்தில் வெட்டப்பட்டது. தட்டில் கிடந்த பழைய சில்லுகள் அவளுடைய வைரத்தின் பாளத்திலிருந்தே உடைந்தவை. எல்லாம் ஒரே வெட்டு. அந்த வேறு வெட்டு ஆய்வகத்தில் ஒரே ஓர் உறையில்தான் உண்டு. உறை பேராசிரியரின் அலமாரியில் இருந்தது, சாவியும் அவரிடம்தான். அன்று சாப்பாட்டு நேரத்தில் வைரப் பெட்டியும் அவர் மேசையில்தான் இருந்தது.

இவ்வளவையும் முதல் நாளே பார்த்திருக்கலாம். காந்தத்தை நகர்த்துவது எளிதாக இருந்தது, நகர்த்தினாள்.

பேராசிரியர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளைகளின்மேல் ஒட்டியிருந்த வெள்ளை நார்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தாளின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார்.

"சார், அந்த வைரம் நம்மளோடது இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"விளிம்பு நேரா இருக்கு. உள்ள அச்சு திரும்பியிருக்கு. அந்த வெட்டு உங்க அலமாரியில மட்டும்தான் இருக்கு."

அவர் முகத்தில் வந்தது, மாணவியின் விடைத்தாளில் தாமதமாக வந்த சரியான விடையைக் கண்ட ஆசிரியரின் வருத்தம். "இத நீங்க முதல் நாளே பாத்திருக்கணும். காந்தத்த நகத்துறதுக்கு முன்னாடி, ஏன் நகத்தணும்னு ஒரு கேள்வி வந்திருக்கணும். ஏன் வரல?"

அவள் தாளின் ஓரத்து நார் வரிசையைப் பார்த்தாள்.

"உங்களுது பத்திரமா இருக்கு. என் நண்பர் ஒருத்தர்கிட்ட குளிர்விக்கிற கருவி இருக்கு, அங்க அளந்து பாத்தாங்க. அருமையான ஜோடி. உங்ககிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

"அவர்தான் தொலச்சுட்டாருன்னு எல்லாரும்—"

"நான் சொன்னேனா?" ஒரு சுளையைப் பிரித்தார். "நான் வேற ஏதாவது காரணம் யோசிச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள நீங்களே வந்து, துள்ளிச்சுன்னு சொன்னீங்க. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கும் ஓசை கேட்டது. அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"இருக்கறது ஒரு இடம்மா. அது உங்களுதுதான். கட்டுரையிலயும் உங்க பேருதான் முதல்ல. வைரம் இந்த வாரம் வந்துடும். வீட்டுல சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம், அதுல நான் தலையிட மாட்டேன். சொன்னா அவரு புகார் எழுதுவாரு. எழுதணும், அவரு இடத்துல நான் இருந்தா நானும் எழுதுவேன். விசாரண வைப்பாங்க. அது முடியறவரைக்கும் கட்டுரையும் நிக்கும், பணியிடமும் நிக்கும். நானும் அனேகமா மாட்டிக்குவேன். ரெண்டு பேரும் சேந்து வீட்டுல இருக்கலாம், ஒண்ணுக்கொண்ணு துணையா." சுளையை நீட்டினார். "எடுத்துக்கோங்க. இனிப்பா இருக்கு."

வாங்கமாட்டேன் என்று நின்றிருக்கலாம். வாங்கினாள். கையில் வைத்திருக்கவும் முடியவில்லை, வாயில் போட்டுக்கொண்டாள். இனிப்பாகத்தான் இருந்தது.

பேருந்தில் வரும்போது சொல்லவேண்டிய வாக்கியத்தை அமைத்துப் பார்த்தாள். உன் கை மேல தப்பில்ல. இதில் தொடங்கினால் அடுத்த வாக்கியம் பேராசிரியரைப் பற்றியது. அதற்கடுத்தது தன்னைப் பற்றியது. கேட்டாரு, சொன்னேன் என்பதை எந்த இடத்தில் வைத்தாலும் அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. வரிசையை மாற்றிப் பார்த்தாள். இறங்கவேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

அவன் கதவைத் திறந்ததும், வழக்கமான கேள்விக்கு முன்னால் வேறொன்றைச் சொன்னான். "ஆசிட் அண்ணன்கிட்ட பேசிட்டேன். லீவு நாள்ல வந்து தேடிப்பாத்துக்கோன்னு சொல்லிட்டாரு. அந்த அறைத் தரைய டார்ச் அடிச்சு ஓரம் ஓரமா பாக்கப்போறேன். தூசியெல்லாம் கூட்டிச் சல்லடையில போட்டுடலாம். வைரம் எங்கயும் கரைஞ்சிடாதுல்ல? எனக்கு வேல திரும்பக் கெடைக்கும்னு இல்ல. உனக்காவது ஆகும்."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "சரி" என்றாள்.

"கெடச்சுதா?"

"இன்னும் இல்ல." பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், "அந்த டார்ச்ல வெளிச்சம் பத்தாது. புதுசு ஒண்ணு வாங்கிக்கோ" என்றாள்.

"அதானே!" என்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவள் அவனிடம் ஒரு பொருளை நம்பி ஒப்படைத்தது போல அவன் முகம் மலர்ந்தது.

வைரம் சொன்னபடி வந்தது. மாற்று வைரத்தைக் கழற்றிவிட்டு அவளே ஒட்டினாள். சற்றுக் கோணலாகத்தான் ஒட்டமுடிந்தது. மூலைக் கீறல் அப்படியே இருந்தது. அதிலிருந்து கணக்கு வைத்துப் போனபோது, அவளுக்குத் தெரிந்த இடத்தில், அவளுக்குத் தெரிந்த பிரகாசத்தில், அந்தப் புள்ளி இருந்தது.

விடுமுறை நாளில் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவனிடம் அட்டை இல்லாததால் அவள்தான் கதவைத் திறந்துவிட்டாள். பட்டப்பகலாக இருந்தும் தாழ்வாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. அவளுடைய கருவி இருந்த அறைக்கும் அமில அறைக்கும் நடுவே அகலமான கண்ணாடித் தடுப்பு. அவளுடைய திரை தடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றது. அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு, புது டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்து மண்டியிட்டான். படுக்கைவாட்டில் போன வெளிச்சத்தில் தரை முழுக்கச் சின்னச் சின்ன மினுக்கங்கள் எழுந்தன; உடைந்த குடுவைகளின் தூள், உப்புப் பரல்கள், இன்னும் என்னென்னவோ. அவன் ஒரு மூலையிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு மினுக்கத்தையும் தண்ணீரில் நனைத்த விரல்நுனியால் ஒற்றியெடுத்து, லென்ஸில் பார்த்து, பக்கத்தில் விரித்திருந்த கறுப்புத் துணியில் வைத்தான். அவன் கை நடுங்கவில்லை என்பதை அவள் கண்ணாடி வழியே கவனித்தாள்.

அளவையைத் தொடங்கினாள். துடிப்புகள் ஒன்றைத் திருப்பின. கருவி மற்றதைப் படித்தது. திரையில் கோடு முதலில் தட்டையாக, இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது. சுற்று ஏற ஏற இரைச்சல் அடங்கியது. கோடு மெதுவாக வளைந்து இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறியது. சந்தேகத்துக்கு இடமில்லை. இத்தனை துலக்கமாக அவளுக்கு அது இதற்குமுன் வந்ததில்லை.

கண்ணாடியில் விரல் தட்டும் ஓசை கேட்டது. அவன் அந்தப் பக்கம் முழங்காலில் நின்றபடி, இடுக்கியில் எதையோ பிடித்து உயர்த்திக் காட்டினான். நகத் துண்டளவு இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அதன் ஒரு விளிம்பு மட்டும் வெள்ளையாக எரிந்தது. புருவத்தை உயர்த்தி, இதுவா என்று கேட்டான்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் அதைக் கறுப்புத் துணியில் மற்றவற்றோடு வைத்துவிட்டு, டார்ச்சை அடுத்த தரை ஓட்டுக்கு நகர்த்தினான்.